காவல் கேட்டுத் தொடங்கி, திடம் கேட்டு முடியும் செபம்

2011 டிசம்பர் 29 இரவு. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. 'தானே' புயல் கரையைக் கடக்க இன்னும் சில மணி நேரம் இருந்தது. அதற்குள் கரண்ட் போய், முருங்கை சாய்ந்து, யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டு உருண்டு இரைந்தது. ஆயா நடுக்கூடத்தில் பாயை விரித்து எங்களைச் சுவரோரமாக உட்கார வைத்தாள். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ராப்பகலாக எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு அணைந்து கிடந்ததால், பிப்ரவரியில் கோயிலில் மந்திரித்துக்கொண்டு வந்திருந்த மெழுகுதிரியை எடுத்து ஏற்றினாள். நிலைப்படிக்கு மேலே செருகியிருந்த, காய்ந்து பழுப்பேறிய குருத்தோலைச் சிலுவையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்னா கிழமைடா?"

"வியாழன், ஆயா."

"விடிஞ்சா வெள்ளி. துக்கமே சொல்லிடலாம்."

அவளுடைய செபமாலையில் ஒரு மணி எப்போதோ உதிர்ந்து, அந்த இடத்தில் நூலை முடிச்சுப் போட்டிருப்பாள். முடிச்சுக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' உண்டு. அதைத் தாண்டிப் போகவிடமாட்டாள்.

துக்கம் என்று அவள் சொன்னது துக்க தேவ இரகசியங்களை. செபமாலை சொல்லும்போது இயேசு, மரியா வாழ்க்கையின் நிகழ்வுகளை ஐந்தைந்தாக நினைத்துக்கொள்வது வழக்கம். சந்தோஷம், துக்கம், மகிமை என்று கிழமைக்கு ஒரு வரிசை. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'ஒளியின் மறைபொருள்கள்' என்று இன்னொரு வரிசையைச் சேர்த்து அதை வியாழனுக்குக் கொடுத்தார். ஆயா கடைசிவரை அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வியாழன் என்றால் சந்தோஷம்தான். ஆனால் அந்த ராத்திரியில் சந்தோஷம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

துக்கத்தில் முதலாவது, இயேசு பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்தது. கத்தோலிக்கர்கள் பயத்தில் செபிக்கும்போது உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சாவு நெருங்குவது தெரிந்த ஒரு மனிதர் தரையில் முகம்குப்புற விழுந்து கிடக்கிறார். முதலில் கேட்பது காவல்: முடியுமானால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும். அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் என் விருப்பப்படி வேண்டாம், உம் விருப்பப்படி ஆகட்டும் என்கிறார். கிண்ணம் அகலவில்லை. லூக்கா நற்செய்தியில் வானதூதர் ஒருவர் வந்து அவரைத் திடப்படுத்துகிறார். வந்தவர் அவரை அங்கிருந்து தப்புவிக்கவில்லை. வேர்வை இரத்தத் துளிகளாக விழுந்தது வானதூதர் வந்ததற்குப் பிறகுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். உதவி வந்த பின்னும் வேதனை குறையவில்லை, அதைத் தாங்கும் பலம் கூடியிருக்கிறது.

காவல், திடம். கத்தோலிக்க செபப் புத்தகங்களைப் புரட்டினால் பயத்தில் எழுந்த மன்றாட்டுகள் எல்லாமே இந்த இரண்டையும்தான் கேட்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதலாவது மட்டும் கண்ணில் படும்: மெழுகுதிரி, சுரூபம், கழுத்தில் போடும் துணித்துண்டான உத்தரியம், மந்திரித்த எண்ணெய், வண்டி முன்கண்ணாடியில் ஆடும் செபமாலை. உள்ளே இருப்பவர்களில் பலருக்கும் அது மட்டும்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஓடிவந்தோம் என்று சொல்லும் செபங்கள்

செபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை. (பொதுத் தமிழில் பிரார்த்தனை என்றால் எந்த வேண்டுதலும் ஆகும். பழைய கத்தோலிக்கத் தமிழில் ஒருவர் புகழ்ப்பெயரைச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டுமாலைக்கு மட்டுமே அந்தப் பெயர்.) இந்தப் பதில்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியை அழைக்கும்போது பதில், "எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி." மாதாவின் பெயர்கள் தொடங்கியதும் பதில் மாறிவிடும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இரட்சிப்பது ஒருவர், நமக்காக வேண்டிக்கொள்பவர் வேறொருவர். 'நீங்கள் மாதாவைக் கும்பிடுகிறீர்கள்' என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் சண்டைக்கு வரும்போது உபதேசியார்கள் நீளமாக விளக்குவார்கள். ஒற்றை வினைச்சொல்லில் அந்த விளக்கம் அடங்கியிருக்கிறது. தினமும் ஐம்பது தடவைக்கு மேல் சொல்லும் ஆயாவுக்கும் அது தெரியும், தெரியும் என்று தெரியாமலே.

பிரார்த்தனையின் நடுவில் வரிசையாக வரும் பெயர்கள்: வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே, பாவிகளுக்கு அடைக்கலமே, கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே (துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதலே), கிறிஸ்தவர்களுடைய சகாயமே. நம் ஊர் மாதா கோயில்களின் பெயர்ப் பட்டியலே இந்த நான்கு வரியில் கிடைத்துவிடும். ஆரோக்கிய மாதா, அடைக்கல மாதா, சகாய மாதா. பயத்துக்கும் நோய்க்கும் ஏற்றாற்போல் வைத்த பெயர்கள். 2020 ஜூனில், கொரோனா நடுவே, திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பிரார்த்தனையில் மூன்று பெயர்களைச் சேர்த்தார். அதில் ஒன்று 'புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே' என்ற பொருள்படுவது. நெடுஞ்சாலையில் நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பார்த்த வருடம் அது. பட்டியல் இன்னும் மூடப்படவில்லை.

பிரார்த்தனை முடிவில் ஒரு சிறிய செபம் வரும். "இதோ உம்முடைய சரணமாக ஓடிவந்தோம்" என்பது அதன் உயிர். மரியாவை நோக்கி எழுந்தவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய செபம் இது. இதன் கிரேக்க வடிவம் எழுதிய பாப்பிரஸ் துண்டு ஒன்று எகிப்தில் கிடைத்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. 1938-இல் அதைப் பதிப்பித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டு என்று ஒரு சாரார், இல்லை, இன்னும் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். எந்தத் தேதியானாலும் சொற்கள் அதேதான்: உம் இரக்கத்தின் கீழ் தஞ்சம் புகுகிறோம், ஆபத்திலிருந்து எங்களைக் காத்தருளும். கிரேக்க வினைச்சொல்லுக்கே 'தஞ்சம் தேடி ஓடுதல்' என்று பொருள். தமிழில் யாரோ ஒரு பழைய மொழிபெயர்ப்பாளர் அந்த ஓட்டத்தை 'ஓடிவந்தோம்' என்று காப்பாற்றிவிட்டார். மூச்சு வாங்க வாசற்படியில் வந்து நிற்கும் குரல் அதில் கேட்கிறது. நடந்து வந்தோம் என்று சொல்ல இது திருவிழா இல்லையே.

இன்னொரு செபம், 'மிகவும் இரக்கமுள்ள தாயே' என்று தொடங்குவது. உம்முடைய அடைக்கலமாக ஓடிவந்தவர்களில் ஒருவராகிலும் கைவிடப்பட்டதாக ஒருபோதும் உலகில் சொல்லக் கேள்விப்பட்டதில்லை என்பதை நினைத்தருளும், என்று போகும். கொஞ்சம் வக்கீல் வாதம் போல இருக்கும் செபம். உமக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரி. 17-ஆம் நூற்றாண்டில் இதைப் பிரான்சில் பரப்பியவர் கிளோத் பெர்னார் என்கிற குருவானவர். சிறைக் கைதிகளிடையிலும் தூக்குக்குக் காத்திருப்பவர்களிடையிலும் வேலை செய்தவர், இந்தச் செபத்தைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு விநியோகித்தவர். தண்டனை உறுதியாகிவிட்ட மனிதனிடம் 'ஒருவராகிலும் கைவிடப்பட்டதில்லை' என்ற வரியைக் கொடுக்கும்போது தூக்கு நிற்கும் என்று அவர் நம்பியிருக்க மாட்டார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) மரியாவுக்கு இங்கே கோயில் எழுப்பி, பெரியநாயகி என்று பெயர் வைத்தார். விருத்தாசலம் பெரிய கோயிலில் குடியிருக்கும் அம்மனின் பெயரும் அதுவே. அரியலூர் பக்கம் ஏலாக்குறிச்சியில் அவர் வளர்த்த இன்னொரு கோயில் அடைக்கல மாதாவினுடையது. ஏலாக்குறிச்சியை அவர் திருக்காவலூர் என்று அழைத்து, அதன்மேல் 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். காவல் தரும் ஊர். ஐரோப்பாவிலிருந்து தான் கொண்டுவந்த மாதா பக்திக்குத் தமிழில் சொல் தேடியவருக்குக் காவல், அடைக்கலம், நாயகி ஆகியவை இங்கேயே தயாராக இருந்தன. ஊர் எல்லையில் அய்யனாரும் வீட்டுக்குள் குலசாமியும் காத்துநிற்கும் மண் இது. சொல் அங்கிருந்துதான் வந்தது என்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

சகாய மாதா படத்தைப் பார்த்திருப்பீர்கள். புதன்கிழமை நவநாளில் பீடத்தில் இருப்பது. மூலப்படம் ரோமில் இருக்கிறது, 1866-இல் அதைப் பரப்பும் பொறுப்பை இரட்சகர் சபையாரிடம் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் ஒப்படைத்தார். எல்லாரும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குழந்தையின் காலைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அதிதூதர்கள் மிக்கேலும் கபிரியேலும் ஈட்டியையும் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார்கள். குழந்தை அதைத் திரும்பிப் பார்த்து மிரண்டு, இரண்டு கைகளாலும் தாயின் கையைப் பற்றிக்கொள்கிறது. பயந்து ஓடிவந்து தாவிய வேகத்தில் ஒரு செருப்பின் வார் அவிழ்ந்து, பாதத்திலிருந்து தொங்குகிறது. கடவுளின் மகன் என்று நாம் வணங்கும் பிள்ளைக்கே பயம் வந்திருக்கிறது. தாய் அந்தச் சிலுவையைத் தட்டிவிடவில்லை, கையை மட்டும் கொடுத்திருக்கிறாள்.

சாத்தான் சொன்ன வசனம்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. காவலுக்கான வேத வசனம் எது என்று கேட்டால் பாதிப்பேர் திருப்பாடல் 91 என்பார்கள். உன்னதரின் மறைவில் வாழ்பவர், இரவின் திகிலுக்கும் பகலில் பறக்கும் அம்புக்கும் அஞ்சமாட்டார், உன் காலைக் கல்லில் மோதாதபடி தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று வரும் பாடல். ஞாயிறு இரவுச் செபத்தில் துறவியரும் குருக்களும் சொல்வது. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் இது பறந்தது.

நற்செய்தியில் இந்தப் பாடலை வாய்விட்டு மேற்கோள் காட்டுகிறவன் யார் தெரியுமா? சாத்தான். மத்தேயு நான்காம் அதிகாரம். இயேசுவைக் கோயில் உச்சியில் நிறுத்தி, குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வசனம் சரி, எடுத்துக்காட்டிய விதமும் சரி, கேட்கும் நோக்கம்தான் தப்பு. உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம் என்பது இயேசுவின் பதில். காவலை உத்தரவாதமாக மாற்றுகிற செபத்துக்குத் திருச்சபை தரும் பதிலும் இதுவே. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111-ஆம் எண்ணில் இதை நேராகவே சொல்கிறது: உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு, செபத்தின் அல்லது அருள்சடங்கின் வெளிச்செயலிலேயே பலன் இருப்பதாக நினைப்பது மூடநம்பிக்கை.

இதைச் சொன்னால் கோயில் வாசலில் கயிறு விற்கும் அக்காவுக்குக் கோபம் வரும். இதில் எனக்கே இரட்டை மனம்தான். பங்குச் சாமியார் 'புனிதப்படுத்துதல்' என்றுதான் சொல்வார். மக்கள் வாயில் அது 'மந்திரிக்கிறது.' வீடு மந்திரிக்கணும் சாமி, வண்டி மந்திரிக்கணும் சாமி, எண்ணெய் மந்திரிச்சுத் தாங்க சாமி. சொல்லில் மந்திரம் இருப்பதால் எண்ணத்திலும் மந்திரம் இருக்கிறது என்று சட்டென்று முடிவுகட்டுவது அநியாயம். அந்தக் குருத்தோலைச் சிலுவையைச் சாம்பல் புதனுக்கு முன்னால் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்து, எரித்துச் சாம்பலாக்கி, 'மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்' என்று நெற்றியில் பூசிக்கொள்கிறோம். வீட்டைக் காத்த ஓலையே நீ சாகப்போகிறவன் என்று நினைவூட்டவும் செய்கிறது. தாயத்து எதுவும் இந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் 'இந்தச் செபத்தை 11 பேருக்கு அனுப்பு, மாலைக்குள் நல்ல செய்தி, அனுப்பாவிட்டால் கெட்டது' என்று வரும் பார்வேர்டுக்கு இந்தச் சலுகை எதையும் நான் தரமாட்டேன். அது மிரட்டல், நேரே அழித்துவிடலாம்.

வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1877 வாக்கில் பிரான்சிலிருந்து வந்த சுரூபம் அங்கே இருப்பது. மூலத்தலமான லூர்து நகரில், மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் 1858-க்குப் பின் குணமானதாகப் பதிவான 7,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில், மருத்துவக் குழு ஆராய்ந்து, ஆயர்கள் அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை 70-ஐச் சற்றே தாண்டும். திருச்சபை இந்த விஷயத்தில் பக்தர்களைவிடக் கஞ்சத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும், அதுதான் நல்லது.

காவல் கிடைக்காமல் போன கணக்கும் நம் கரையில் நிறைய. புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் அமல உற்பவ மாதா பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு அது சம்பா கோயில். புனித பவுல் என்பது மருவி சம்பா ஆனது. முதலில் இயேசு சபையார் கட்டியதை 1693-இல் டச்சுக்காரர்கள் இடித்தார்கள். அப்புறம் எழுந்ததை 1761-இல் புதுவையைப் பிடித்த ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்பது 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. மாதா தன் வீட்டையே காக்கவில்லையா என்று கேட்டால், இல்லை, காக்கவில்லை. மறுபடியும் கட்டினார்கள், அவ்வளவுதான்.

கட்டிடத்தை விடுங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் சுனாமியில் 600-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பெரும்பாலோர் வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள், அன்று காலை அவரவர் சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்தப் போன பக்தர்கள் கடற்கரையிலேயே நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 'கோயிலுக்குள்ள தண்ணி வரல, மாதாவோட அற்புதம்' என்று பிறகு பலர் சொன்னார்கள். நம்பிக்கையில் சொன்னதுதான். ஆனால் கரையில் பிள்ளையை விட்டுவந்த ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்து அதை என்னால் சொல்ல முடியாது. அற்புதம் என்று சொன்னால் மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கும் நாமே பதில் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பதில் திருச்சபையிடம் இல்லை. இருப்பது, சிலுவையில் 'என்னை ஏன் கைவிட்டீர்' என்று கத்தியவருடைய உருவம். அதைத்தான் செபமாலை நுனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

உறுதி பூசுதல்

திடத்துக்கு வருகிறேன். திருச்சபையின் முதன்மையான சடங்குகளான அருட்சாதனங்கள் ஏழு. அதில் ஒன்றுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் உறுதிபூசுதல். ஆயர் கிறிஸ்மா தைலத்தால் நெற்றியில் சிலுவை வரைந்து, தூய ஆவியின் கொடைகளுக்கு முத்திரையிடும் சடங்கு. லத்தீனில் இருப்பது உறுதிப்படுத்துதல் மட்டுமே. தமிழில் அதோடு எண்ணெயையும் சேர்த்து உறுதியையே பூச வைத்துவிட்டார்கள். மல்லனுக்கு எண்ணெய் தேய்ப்பது போல. ஆயா காலத்தில் இதோடு இன்னொன்றும் உண்டு: தைலம் பூசிய கையோடு மேற்றிராணியார் (ஆயருக்குப் பழைய பெயர்) கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். கிறிஸ்துவுக்காக அடி வாங்கத் தயாராக இரு என்று அர்த்தம். 1971-இல் வந்த புதுச் சடங்குமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆயாவுக்கு அதில் குறைதான். "எங்களுக்கெல்லாம் அறை வுழுந்துச்சு, உங்களுக்கு வெறும் எண்ணெ" என்பாள்.

ஞானம், புத்தி, விமரிசை (ஆலோசனை), திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தோமே, அந்த ஏழு கொடைகளில் நடுவில் நிற்கிறது திடம். எசாயா இறைவாக்கினர் நூலின் 11-ஆம் அதிகாரத்திலிருந்து வந்த பட்டியல். 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் திடத்தை அலசும்போது ஒரு கேள்வி போடுகிறார்: திடத்தின் முதன்மையான செயல் எது, தாக்குவதா, தாங்குவதா? தாங்குவது என்பது அவர் முடிவு. தாக்குகிறவன் தன்னைவிட எதிரி எளியவன் என்ற கணக்கில் பாய்கிறான். தாங்குகிறவனுக்கு எதிரி தன்னைவிடப் பெரியது. ஆபத்து எப்போதோ வரப்போகிறது என்று பாய்கிறவன் நினைக்கலாம், தாங்குகிறவனுக்கு அது வந்துவிட்டது. பாய்ச்சல் ஒரு கணம், தாங்குவதோ நாள்கணக்கு. சினிமாவில் நாம் கைதட்டும் வீரத்துக்கு இந்தப் பட்டியலில் இரண்டாம் இடம்தான். வீட்டில் ஒரு நோயாளியை ஆறு வருடம் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு முதல் இடம்.

திருத்தூதர் பணிகள் நூலின் நான்காம் அதிகாரத்தில், முதல் கிறிஸ்தவர்கள் மிரட்டலுக்கு உள்ளாகி ஓரிடத்தில் கூடிச் செபிக்கிறார்கள். அவர்கள் கேட்டதைப் படித்துப் பார்க்கலாம். எதிரிகளை அழித்துவிடும் என்று கேட்கவில்லை, எங்களைப் பத்திரமாக வைத்திரும் என்றும் கேட்கவில்லை. அவர்கள் அச்சுறுத்துவதைக் கவனியும், நாங்கள் முழுத் துணிவோடு பேச அருள் தாரும் என்கிறார்கள். கூடியிருந்த இடம் அதிர்ந்தது என்று எழுதியிருக்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்த ஸ்தேவான் கல்லடிபட்டுச் சாவது அதே நூலில் மூன்று அதிகாரம் தள்ளித்தான்.

மிக்கேல் அதிதூதர் செபம் மட்டும் போர்க்கள வாடையோடு இருக்கும். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1886-இல் பூசைக்குப் பிந்திய செபங்களில் சேர்த்தது, 1960-களின் மாற்றங்களில் விடுபட்டது, 2018 அக்டோபர் மாதம் முழுவதும் மறுபடி சொல்லும்படி திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டது. அவர் கேட்டுக்கொண்டது வெளி எதிரிக்காக அல்ல, திருச்சபைக்குள்ளேயே வெளிப்பட்ட துஷ்பிரயோகங்களும் பிளவுகளும் உலுக்கிய நேரத்தில். அதே கோரிக்கையில் 'உம்முடைய சரணமாக ஓடிவந்தோம்' செபத்தையும் சேர்த்திருந்தார்.

நான் அருகிலிருந்து பார்த்த திடம் ஓர் ஆஸ்பத்திரி வார்டில். மாமாவுக்கு வயிற்றில் புற்று, முற்றிவிட்டது. நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியாரைக் கூப்பிடலாம் என்றேன். அத்தை வராந்தாவில் என் கையைப் பிடித்து இழுத்து, "சாமியாரக் கூட்டியாந்தா அவருக்குத் தெரிஞ்சிடும்டா" என்றாள். தெரிந்துவிடும் என்பது, சாகப்போகிறோம் என்பது. இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பழைய பெயர் அவஸ்தைப்பூசுதல். மூச்சு இழுக்கும்போதுதான் உபதேசியார் சைக்கிளில் போய்ச் சாமியாரைக் கூட்டிவருவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972-இல் சடங்கைத் திருத்தி, சாகிறவர்களுக்கு மட்டுமானது என்ற நிலையை மாற்றினார்கள். கடும் நோய் தொடங்கும்போதே கேட்கலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன் கேட்கலாம், முதுமையில் தளர்ந்தாலும் கேட்கலாம். மறைக்கல்வி நூலின் 1520-ஆம் எண், இந்த அருட்சாதனத்தின் முதல் கொடை திடமும் அமைதியும் துணிவும்தான் என்கிறது. உடல் குணமாவது, கடவுளுக்குச் சித்தமானால், அதன் பிறகு வருவது.

சாமியார் வந்தார். இளவயதுக்காரர், ஹெல்மெட்டைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். உள்ளே எண்ணெயில் நனைந்த பஞ்சு. நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று. டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையைத் திருப்பச் சிரமமாக இருந்ததால் அவரே குனிந்து பூசினார்.

மாமா கேட்டார்: "சாமி, நான் போயிடுவேனா?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. பயப்படாம இருக்கத்தான் இது."

அன்று சாயங்காலம் மாமா கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு மாதமாக அந்தக் கவரை அவர் தொட்டதில்லை, யாராவது பேச்செடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் படித்தேன். புரியாத சொல்லுக்கெல்லாம் நிறுத்தி அர்த்தம் கேட்டார். முடித்ததும், பேங்க் பாஸ்புக் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னார். பதினோரு நாளில் போய்விட்டார். செபம் பலித்ததா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் பிரான்சிஸ் நின்றதை டிவியில் பார்த்தவர்களுக்கு அவர் எடுத்துக்கொண்ட வாசகம் நினைவிருக்கும். மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரம், புயலில் படகு. கடற்கரைக்காரனுக்கு அந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். படகில் இருந்தவர்களில் சிலர் பிறவி மீனவர்கள், காற்றின் குணம் தெரிந்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் பயப்பட வேண்டிய காற்றுதான். இயேசுவோ படகின் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார். எழுப்பிவிட்டு அவர்கள் சொல்லும் வார்த்தையில் மரியாதை கொஞ்சமும் இல்லை: சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா? இதுவும் செபம்தான். நற்செய்தி அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. செபப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரித்தான் பேச வேண்டும் என்று நினைத்துப் பயத்தை விழுங்கிக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

ஆயா இப்போது இல்லை. முடிச்சுப் போட்ட செபமாலை புதுச்சேரியில் சித்தியிடம் இருக்கிறது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி, 'பெஞ்சல்' புயல் புதுவைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது நான் வெளியூரில் மாட்டிக்கொண்டேன். ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகரில் சித்தி வீட்டு வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் செபமாலை சொன்னோம், சனிக்கிழமையானதால் சந்தோஷம். பிரார்த்தனை தொடங்கியபோது குரல் விட்டுவிட்டு வந்தது.

"வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பாவிகளுக்கு அடைக்கலமே... டேய், சிலிண்டர மேல தூக்கி வைக்கச் சொன்னேனே, வச்சீங்களா? பிரிட்ஜ் பிளக்க எடு மொதல்ல... கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அதோடு லைன் போய்விட்டது. எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் யாருடைய நம்பரிலிருந்தோ மெசேஜ் வந்தது: "தண்ணி முட்டி வரைக்கும். எல்லாரும் மாடில இருக்கோம். பிரார்த்தனைல எங்க வுட்டோம்?"